மரத்துப்போகாத நாக்கு

அத்தியாயம் 7

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, மேசை மேல் கிடந்த மாத்திரை அட்டையை மூன்றாம் முறையாக எண்ணினார்.

"பத்து மாத்திரை அட்டை. நாலு போட்டாச்சுன்னீங்க. மிச்சம் ஆறு இருக்கணும். அஞ்சுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

துப்பறிய வந்திருந்த தராசம்மா மெல்லத் திரும்பித் தன் உதவியாளனைப் பார்த்தார்.

ரேடியோ பேசாமல் நின்றுகொண்டிருந்தான். வம்பே அங்கேதான். பெற்றவள் வைத்த பெயர் அவனுக்கே மறந்துபோகிற அளவுக்கு எல்லாரும் அவனை ரேடியோ என்று அழைக்கக் காரணம், இந்த முப்பத்தாறு வயதுவரை அவன் தூக்கத்தில்கூட வாயை முழுசாக மூடியதில்லை என்பதுதான். அப்படிப்பட்டவன் அரை நிமிஷமாக உதட்டை இறுக்கிக்கொண்டு, பிட் அடித்து மாட்டிக்கொண்ட மாணவன் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரேடியோ, வாயைத் திற."

திறந்தான். நாக்கைத் தூக்கிக் காட்டினான். அடியில் வெள்ளையாக ஏதோ கரைந்து குழைந்திருந்தது.

"மேதம்," என்றான். "நாக்கு மதத்துப் போத்து."

"அடப்பாவி மனுஷா!" மருந்துக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். "இது என்ன மிட்டாயா? மூளைக்குள்ள நடக்கிற கலவரத்தை அடக்குற மருந்துய்யா! துப்பு! மொதல்ல துப்பு!"

வேறு சமயமாக இருந்தால், துப்பறிய வந்தவனைப் பார்த்துத் துப்பச் சொன்னதற்கு ரேடியோ கால் மணி நேரம் கச்சேரி வைத்திருப்பான். இப்போது நாக்கு ஒத்துழைக்கவில்லை. கடைக்காரர் தன் பிளாஸ்க்கைத் திறந்து அவசர அவசரமாக ஒரு கோப்பை டீயை ஊற்றி அவன் வாயருகே நீட்டினார்.

"கொப்பளிச்சுத் துப்பிட்டு, மிச்சத்தையும் டீயோட முழுங்கு. சீக்கிரம்! நல்லவேளை, இது வாயிலயே ஊறி உடம்புல ஏறுற மாத்திரை. வயித்துக்குள்ள போயிட்டா அனேகமா வேலை செய்யாது. அதனாலதான் இதைப் போட்டுக்கிட்டா பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு வர்றவங்ககிட்டல்லாம் தலைதலையா அடிச்சிக்கிறேன். உனக்கு அது வேலை செய்யக் கூடாது. குடி!"

ரேடியோ கொப்பளித்தான், துப்பினான், குடித்தான். தராசம்மா அவனைப் பார்க்கவில்லை. கடைக்காரரின் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாத்திரைக்குப் பின்னால் இருந்த கதை மூன்று நாள் பழையது. கடைவீதியில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிற பெண் ஒருத்தி. நாற்பத்திரண்டு வயது. ரேடியோ அவளைப் பெரியக்கா என்பான், கூட இருக்கும் தங்கையைச் சின்னக்கா என்பான். பதினோரு வருடத்துக்கு முன் அவளுக்கு மனச்சிதைவு நோய் வந்தது. ஆளில்லாத மூலையில் இரண்டு பேர் உட்கார்ந்து அவளைப் பற்றியே குசுகுசுவென்று பேசுவார்கள். பழைய மாத்திரைகள் அந்தப் பேச்சை நிறுத்தின. ஆனால் கையை நடுங்க வைத்தன. அரிசியில் பாதிகூட இல்லாத திருகாணியை எடுத்துப் பொருத்துகிற கை நடுங்கினால் அப்புறம் என்ன பிழைப்பு?

ஆறு மாதத்துக்கு முன்னால் டாக்டர் இந்தப் புது வகை மாத்திரைக்கு மாற்றினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நாக்குக்கு அடியில். குரல்களும் அடங்கின, நடுக்கமும் நின்றது. வேறொரு ஊரில் பெரிய கடிகாரப் பட்டறை ஒன்றில் தலைமைப் பொறுப்பே தேடி வந்தது. அவள் பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வைத்தாள். அந்த வாரமே என்று சொல்ல முடியாது, ஆனால் கொஞ்ச நாளில், மூலையிலிருந்த இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

"மாத்திரை போலிங்க," என்று அவள் தராசம்மாவிடம் சொல்லியிருந்தாள். "முன்னாடில்லாம் போட்ட ஒடனே நாக்கு மரத்துப் போகும். இப்ப ரெண்டு மாசமா மரக்கறதே இல்ல. நேரம் ஓடுறதுகூட எனக்குச் சரியாத் தெரிய மாட்டேங்குது. டாக்டர்கிட்ட சொன்னா, யாரோ மருந்தை மாத்துறாங்கன்னு நெனைக்கிறதே நோயோட வேலைதாம்மான்னு சொல்றார். சந்தேகமே என் நோய்னா, நெஜமா ஒருத்தர் என்னை ஏமாத்தினா நான் யார்கிட்டப் போய்ச் சொல்வேன்?"

நாளைக் காலை பத்து மணிக்கு அவள் டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். நிலைமை இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கை, பழைய மாத்திரை, பழைய நடுக்கம். வரப்போகும் வேலையும் போகும், கையிலிருக்கும் தொழிலும் போகும். மாத்திரையைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் பத்து நாள் ஆகும். பத்து நாளுக்கு எங்கே போவது? அந்த ஆத்திரத்தில்தான் ரேடியோ தன் வாயையே பரிசோதனைக்கூடமாக்கிவிட்டான்.

"சார், இப்பச் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க," என்றார் தராசம்மா.

"எது? குடின்னு சொன்னதா?"

"அதுக்கு முன்னாடி."

கடைக்காரர் சொன்னார்.

"அப்ப, மாத்திரை போட்ட கையோட ஒருத்தர் டீ குடிச்சா?"

"மருந்தை டீயில கழுவி வயித்துல கொட்டின மாதிரிதான். வாயும் மரக்காது, வியாதியும் அடங்காது. நாள் கணக்குல அப்படிப் பண்ணா மாத்திரை போட்டும் போடாத கதை."

"இந்த மாத்திரை அசல்தானே?"

"அதான் உங்க ஆளு நாக்காலயே சாட்சி சொல்லிட்டாரே!" கடைக்காரருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "மூணு நாளா என் கடையைச் சுத்திச் சுத்தி வர்றீங்க. முப்பது வருஷமாக் கடை வச்சிருக்கேன். ஒருத்தருக்கு ஒரு மாத்திரை மாத்திக் குடுத்ததில்ல."

"இந்தப் பத்து நிமிஷ விஷயத்தை அந்த வீட்ல யார்கிட்டச் சொன்னீங்க?"

"தங்கச்சிகிட்ட. மருந்து வாங்க எப்பவும் அவங்கதான் வருவாங்க. அந்தத் தங்கச்சி தங்கமான பொண்ணுங்க. ஒரு சமையலறை மணியை வச்சுப் பத்து நிமிஷத்துக்குத் திருகி விட்டுடுறேன், அது அடிச்சப்பறம்தான் அக்காவுக்கு டீன்னாங்க. இப்படி ஒரு ஒழுங்கை நான் எந்த வீட்லயும் பாத்ததில்ல."

ரேடியோவுக்கு நாக்கு பாதி திரும்பியிருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு குதித்தான். "கரெக்ட் மேடம். மூணு நாளா நானே பாக்குறேனே. மணி அடிக்காம சின்னக்கா டீயைக் கண்ணுலகூடக் காட்ட மாட்டாங்க. சின்னக்கா விஷயத்துல சாட்சி வேணும்னா நான் இருக்கேன்."

"வேணும்," என்றார் தராசம்மா. "வா."

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. தராசம்மா உட்கார்ந்து கைப்பையைத் திறந்தார். இருபத்தைந்து வருடம் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கியவர் அவர். கள்ளத் தராசைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை, நிறுக்கிறவரின் கட்டைவிரலைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று அந்தக் காலத்தில் பேச்சு. பணி ஓய்வு பெற்றபோது எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டார், ஒரு பழைய ஸ்டாப்வாட்ச்சைத் தவிர. அதை வெளியே எடுத்தார்.

"நேத்துக் காலைல அந்த வீட்டுக்குப் போனியே, என்ன நடந்துச்சு?"

"பெரியக்கா மாத்திரையை வாயில வச்சுக்கிட்டு, பேச முடியாதுன்னு விரலைக் காட்டினாங்க. எதிர்ல ஒரு ஆள் பேசாம உக்காந்திருந்தா எனக்குத் தாங்குமா மேடம்? கதை சொன்னேன்."

"எந்தக் கதை?"

"மாமியார் லிஃப்ட்ல மாட்டின கதை."

"முழுசாச் சொன்னியா?"

"எங்க? மாமியார் ஏழாவது மாடிப் பொத்தானை அமுக்கிறப்ப மணி அடிச்சிடுச்சு. டீ வந்துடுச்சு. டீ வந்தப்பறம் கதை யாருக்கு வேணும்?"

"இப்பச் சொல்லு. நேத்துச் சொன்ன மாதிரியே. நீட்டாத, சுருக்காத."

ரேடியோவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆறு வருடத்தில் தராசம்மா அவனிடம் வாயை மூடச் சொல்லியிருக்கிறார், குறைக்கச் சொல்லியிருக்கிறார், ஒருமுறை சைகையில் பேசச் சொல்லியிருக்கிறார். கதை சொல்லச் சொன்னது இதுதான் முதல் தடவை. எழுந்து நின்று, கையைக் காலை ஆட்டி, மருமகன் குரலில் ஒன்று, மாமியார் குரலில் ஒன்று என்று அமர்க்களப்படுத்தினான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள். மாமியார் லிஃப்டில் ஏறினார். கதவு மூடியது. மருமகன் மூலையோடு ஒட்டிக்கொண்டான். மாமியார் ஏழாவது மாடிப் பொத்தானை...

"நிறுத்து."

தராசம்மா ஸ்டாப்வாட்ச்சை அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தார். ஐம்பத்திரண்டு விநாடி.

பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், "அப்பறம் என்னாச்சுங்க?" என்று கேட்டார்.

"இத்தனை வருஷத்துல உன் வாய் இன்னைக்குத்தான் ஒரு அளவுகோலா ஒழைச்சிருக்கு," என்றார் தராசம்மா. அதில் கிண்டல் இல்லை.

ரேடியோ மெதுவாக உட்கார்ந்தான். "மணி கெட்டுப்போயிருக்கும் மேடம்."

"அந்த மணியை ரிப்பேர் பண்ணிக் குடுத்தது யாரு?"

"பெரியக்கா."

"அவங்க கைபட்ட சாமான் பத்து நிமிஷத்தை ஒரு நிமிஷமா ஓட்டுமா?"

"சரி, அதையே நானும் கேக்குறேன். கடிகாரத்தோடயே வாழ்றவங்க அவங்க. பத்து நிமிஷத்துக்கும் ஒரு நிமிஷத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா போயிடும்?"

"அந்த வீட்ல எத்தனை கடிகாரம் பாத்த?"

ரேடியோ கண்ணை மூடி அந்த வீட்டைச் சுற்றி வந்தான். முன்னறைச் சுவரில் ஒரு ஆணி. ஆணியைச் சுற்றி வட்டமாக வெளுத்த தடம். அவ்வளவுதான். முதல் நாளே அதைப் பார்த்து, தையல்காரர் வீட்டில் ஊசி இல்லாத மாதிரி இருக்கிறதே என்று சிரித்திருந்தான்.

"டிக் டிக் சத்தம் கேட்டா அக்காவுக்கு அதுல குரல் கேக்குதாம். அதனால எல்லாத்தையும் கழட்டிட்டாங்க. கைக்கடிகாரத்தைக்கூடக் கடைக்குப் போனப்பறம்தான் கட்டணுமாம்."

"யார் சொன்னது?"

ரேடியோ கண்ணைத் திறந்தான். "சின்னக்கா."

"மொத நாள் பெரியக்கா என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? தங்கச்சி டீ எப்பவுமே நல்லா இருக்கும், அதுலயும் இந்த ரெண்டு மாசமா தனி ருசின்னாங்க. நீயும் சப்புக்கொட்டிட்டு ஆமாம் போட்ட. டீ எப்பவும் போலத்தான்டா இருந்திருக்கும். மரத்துப்போன நாக்குல முன்னெல்லாம் அது ஏறல, இப்ப ஏறுது. வேறெதுவும் இல்ல."

ரேடியோவுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. மூன்று நாளாக அந்தச் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டே, விசாரணையில் நடந்தது அத்தனையையும் சின்னக்காவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்திருந்தான். இன்றைக்கு மருந்துக்கடைக்குப் போகப் போவதைக்கூடச் சொல்லியிருந்தான். "அந்தக் கடைக்காரரை விட்டுடாதீங்க தம்பி, அக்காவை நாசம் பண்ணிட்டாரு," என்று அவன் தோளைத் தொட்டுக் கண் கலங்கினாள். இவனுக்கும் கண் கலங்கியது. அதை நினைத்தபோது அவமானத்தில் காது மடல் சுட்டது.

"ஆனா ஏன் மேடம்? உயிரையே வச்சிருக்காங்களே அக்கா மேல."

"எனக்கும் அதுதான் புரியல," என்றார் தராசம்மா. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் ரேடியோ கொட்டாவி விட்டான். கழுவியது போக உள்ளே ஏறிய கொஞ்சநஞ்ச மருந்து அவனைத் தராசம்மாவின் தோளில் சாய்த்தது. இறங்கும் இடம் வரும்வரை அவர் தோளை அசைக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது இருவரும் அந்த வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆணியும் தடமும் அப்படியே இருந்தன. கட்டிலுக்கு அடியில் பெட்டி, அதன் மேல் மடித்த துண்டு. இரண்டு மாதமாகத் திறக்காத பெட்டி என்பதால் பூட்டில் மறுபடியும் தூசி ஏறியிருந்தது. சமையலறையில் அடுப்பு எரிகிற சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

"வாங்க தம்பி! டீ போட்டுட்டே இருக்கேன். உங்களுக்குச் சக்கரை தூக்கலா," என்று சின்னக்கா உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். முப்பத்தொன்பது வயது. குரலில் அவ்வளவு கனிவு. ரேடியோ சுவரிலிருந்த ஆணியைப் பார்த்தான்.

பெரியக்கா அறையிலிருந்து வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. ராத்திரி அந்த இரண்டு பேரும் அவளைத் தூங்க விடவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. "பத்து மணிக்குப் போகணும்," என்று மட்டும் சொன்னாள். தூக்கிலிடப்படப் போகிறவர்கள் நேரம் சொன்னால் அப்படித்தான் இருக்கும். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் பார்த்து ஒருமுறை கைதட்டினாள். உள்ளே மணியைத் திருகும் சத்தம் கிர்ரென்று கேட்டது. ரொம்பச் சின்னக் கிர்ர்.

தராசம்மாவின் கை முந்தானைக்குள் இருந்தது. பொத்தான் அமுங்கிய சத்தம் ரேடியோவுக்கு மட்டும் கேட்டது.

"கதையைச் சொல்லு," என்றார்.

ரேடியோ சொன்னான். நேற்றைய ஆட்டம் பாட்டம் எதுவும் இல்லை. மருமகனுக்கும் மாமியாருக்கும் ஒரே குரல். பெரியக்கா பாவம், அவனுக்காகச் சிரிக்கப் பார்த்தாள். மாமியார் லிஃப்டில் ஏறினார். கதவு மூடியது. மருமகன் மூலையோடு ஒட்டிக்கொண்டான்.

டிரிங்!

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு சின்னக்கா வந்தாள். தட்டில் நாலு கோப்பை. முதல் கோப்பையை அக்காவின் கையில், பதம் பார்த்து, சூடு படாமல் பிடியைத் திருப்பிக் கொடுத்தாள். பெரியக்கா அதை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

தராசம்மாவின் உள்ளங்கை கோப்பையின் வாயை மூடியது.

"குடிக்காதீங்க. பேசவும் வேண்டாம். வாயைத் திறக்கவே திறக்காதீங்க."

மறு கையால் ஸ்டாப்வாட்ச்சை எடுத்து மேசை மேல் வைத்தார். முள் நாற்பத்தொன்பதில் நின்றிருந்தது.

பெரியக்கா அதைப் பார்த்தாள். முதலில் பழக்கத்தில் பார்த்தாள், ஒரு கடிகாரத்தைக் கடிகாரக்காரர் பார்ப்பது போல. அப்புறம் முள்ளைப் பார்த்தாள். அப்புறம் தராசம்மாவைப் பார்த்தாள்.

"மணி அடிக்கிறப்பல்லாம் அதுக்குள்ளயான்னு உங்களுக்குத் தோணிருக்கும். நேரம் ஓடுறதே தெரியலன்னு எங்கிட்டச் சொன்னீங்களே, உங்க மூளை ஒண்ணும் தப்பாச் சொல்லலம்மா. ஒரு நிமிஷம்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, அது ஒரு நிமிஷமேதான். மாத்திரையும் அசல். பத்து நிமிஷம் வாயில ஊற வேண்டிய மருந்தை டீ அடிச்சுக்கிட்டுப் போயிருக்கு. தினம் ரெண்டு வேளை."

"மணி கெட்டுப்போச்சு போல இருக்கு," என்றாள் சின்னக்கா. குரல் மாறவில்லை.

பெரியக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். சமையலறைக்குள் போய் மணியை எடுத்து வந்தாள். காதோரம் வைத்துக் கேட்டாள். அதன் முதுகை விரலால் தடவினாள். தானே கழற்றி, தானே எண்ணெய் விட்டு, தானே மூடிய முதுகு. பத்து என்ற எண்வரைக்கும் நிதானமாகத் திருகி மேசை நடுவில் வைத்தாள். அந்த வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு எல்லார் காதிலும் படும்படி ஒரு கடிகாரம் டிக் டிக்கென்று ஓடியது. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தச் சத்தத்தில் அவளுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை என்பதை ரேடியோ பார்த்தான், சின்னக்காவும் பார்த்தாள்.

பெரியக்கா உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"பத்து நிமிஷத்துக்கு அவங்களால பேச முடியாது," என்றார் தராசம்மா. "நீங்க பேசலாம்."

"அக்கா, இவங்க சொல்றதை நம்புறியா நீ?" சின்னக்கா தட்டை வைத்துவிட்டு அக்காவின் தோளைத் தொட்டாள். "உனக்கு உடம்பு சரியில்லக்கா. இப்படி இருக்கிறப்ப உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம் வரும். நாந்தானே உன்னைப் பாத்துக்கறேன்? எம்மேலயே உனக்குச் சந்தேகம் வருதுன்னா, அது நோய்க்கா. இன்னைக்கு டாக்டர்கிட்ட..."

"போதும் சின்னக்கா," என்றான் ரேடியோ. அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. "அன்னைக்கு என்னையும் இதே மாதிரி தொட்டுத்தான் பேசினீங்க."

பெரியக்கா தோளிலிருந்த கையைத் தள்ளிவிடவில்லை. திரும்பி அதைப் பார்த்தாள், அவ்வளவுதான். கை தானாகவே கீழே இறங்கியது.

மணி ஓடிக்கொண்டிருந்தது. சின்னக்கா நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தாள்.

"பெட்டியை எடுத்துத் தூசி தட்டினியே, அன்னைக்கு என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? இனிமே உனக்கு விடுதலைடின்ன. சிரிச்சுக்கிட்டே சொன்ன." அவள் அக்காவைப் பார்க்காமல் மணியைப் பார்த்துப் பேசினாள். "விடுதலை பண்ணி என்னை எங்க அனுப்புற? இருபத்தெட்டு வயசுல டைப் அடிக்கிற வேலையை விட்டேன். கல்யாணம் வேண்டாம்னேன். எந்திரிச்சா உன் மாத்திரை, படுத்தா உன் மாத்திரை. தெருவுல பாக்குறவங்க என்னை எப்படி இருக்கன்னு ஒரு நாள் கேட்டதில்ல. அக்கா எப்படி இருக்காங்கன்னுதான் கேப்பாங்க. நீ போயிட்டா என்கிட்ட எதைக் கேப்பாங்க? எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை உன்னைப் பாத்துக்கிறதுதானேக்கா. அதையும் எடுத்துக்கிட்டுப் போறேன்ன."

பெரியக்கா மணியை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தங்கையைப் பார்த்தாள்.

"மொதல்ல எட்டு நிமிஷம் வச்சேன். ஒண்ணும் ஆகல. அப்பறம் அஞ்சு. அப்பறம் மூணு. கடைசியில ஒண்ணு. லேசா முடியாமப் போனா போதும், அந்த ஊர் வேண்டாம்னு டாக்டரே சொல்லிடுவார், நாம எப்பவும் போல இருக்கலாம்னு நெனச்சேன். ஆஸ்பத்திரி வரைக்கும் போகும்னு நெனைக்கல. சத்தியமா நெனைக்கலக்கா."

"ராத்திரியில குரல் கேக்குதுன்னு அவங்க அழுதப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் தராசம்மா.

"கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"விடியற வரைக்கும்."

"விடிஞ்சப்பறம்?"

விடிந்ததும் எழுந்துபோய் அவள் எதைத் திருகினாள் என்பது மேசை நடுவில் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியக்காவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை. வாய் மூடியபடியே இருந்தது. கத்த வேண்டும், கேட்க வேண்டும், ஓங்கி ஒரு அறை விட வேண்டும் என்று ரேடியோவுக்கே கை துறுதுறுத்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை இனி யாருக்காகவும், எதற்காகவும் அவள் விட்டுத்தர மாட்டாள் என்று அந்த மூடிய உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. கத்துவதற்குக்கூட விட்டுத்தர மாட்டாள். இரண்டு மாதமாக அவளிடமிருந்து திருடப்பட்ட நிமிஷங்கள் அவை.

ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரில் ஒரு ஆள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் தாங்க முடியாதவன் அவன். அன்றைக்குத் தாங்கிக்கொண்டான்.

மணி அடித்தது. முழுப் பத்து நிமிஷத்து மணி.

பெரியக்கா ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினாள். பேசியபோது நாக்கு சரியாகப் புரளவில்லை. ஒவ்வொரு சொல்லாக, திருகாணியைப் பொருத்துவது போல் எடுத்து வைத்தாள்.

"ருசியே இல்ல."

"ஆறிப்போச்சுக்கா. இரு, வேற போட்டுத் தரேன்." பதினோரு வருடப் பழக்கம், சின்னக்கா கண்ணீரைத் துடைத்துக்கொண்டே எழுந்துவிட்டாள்.

"வேண்டாம். நாக்கு மரத்திருக்கு. இப்படித்தான் இருக்கணும்."

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். பூட்டிலிருந்த தூசியை ஊதினாள். மணியை அதே துண்டில் சுற்றி உள்ளே வைத்தாள். மாத்திரை அட்டையையும் எடுத்து வைத்தாள். இத்தனை வருடத்தில் மாத்திரையை அவள் தன் பொறுப்பில் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"பத்து மணிக்கு என்கூட நீங்க ரெண்டு பேரும் வாங்க மேடம்," என்றாள். "இவ வர வேண்டாம்."

"அக்கா, டாக்டர்கிட்ட எப்பவும் நாந்தானேக்கா..."

பெரியக்கா வாசலில் நின்று திரும்பினாள். கோபமாக இருந்திருந்தால் ரேடியோவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ரெண்டு மாசமா உன் டீ அவ்வளவு ருசியா இருந்துச்சுடி," என்றாள். "நான் ஊருக்குப் போறேனேன்னு பாசத்தைக் கொட்டிப் போடுறன்னு நெனச்சேன். அங்க போனா இந்த டீக்கு எங்க போறதுன்னு, ஒவ்வொரு வாயா மெதுவாக் குடிச்சேன்."

மேசை மேல் ரேடியோவுக்கு வைத்த கோப்பை தொடாமல் இருந்தது. சர்க்கரை தூக்கலாகப் போட்டது. அதை எடுத்துச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியக்காவின் பின்னால் படியிறங்கினான்.